கலர் குடிச்ச காலம்

சம்பா நடவு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. களை எடுக்க இன்னும் நாள் இருக்கு. மழையும் விட்டு விட்டுப் பெய்யுது. அதனால இந்த வாரம் உரம், பூச்சின்னு எழுதாம வேற ஒரு விஷயம் எழுதுறேன்.

போன ஞாயித்துக்கிழமை பேரனைக் கூட்டிக்கிட்டு பட்டுக்கோட்டை போயிருந்தேன். அவனுக்கு ஏழு வயசு. ஒரு கடையில சரஞ்சரமா தொங்குன பாக்கெட்டுல ஒண்ணைக் காட்டி, "தாத்தா, எனக்கு அதுதான் வேணும்"னான். ஏதோ பழரசம். "அது எப்புடிடா தம்பி இருக்கும்?"னு கேட்டேன். தெரியாதாம். இதுவரைக்கும் குடிச்சதே இல்லையாம். பாக்கெட்டுல இருந்த பொம்மையைத்தான் அவனுக்குத் தெரியும், டிவியில தினம் பாக்குறான். சரின்னு வாங்கிக் கொடுத்தேன். பாதி குடிச்சுட்டு என் கையில கொடுத்துட்டான். வீணாக்க மனசு வராம மீதியை நான் குடிச்சேன். இனிப்புத் தண்ணி, அவ்வளவுதான்.

திட்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா பொம்மையைப் பாத்து ஆசைப்பட்ட முதல் ஆள் அவன் இல்லையே. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பழசு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதைத்தான் எழுதுறேன்.

நான் பொறந்தது 1960களோட கடைசியில. எங்க ஊர் கடைமடை. 1934-ல மேட்டூர் அணையோட சேர்த்து வெட்டுன கல்லணைக் கால்வாய்தான் எங்களுக்குப் பாசனம். நாங்க புது ஆறுன்னுதான் சொல்வோம். தொண்ணூறு வருஷம் ஆகியும் அது புது ஆறுதான்! கோடையில அதுல தண்ணி நிறுத்திட்டா ஊரே காஞ்சு கிடக்கும். அப்ப பிள்ளைங்களுக்குக் குடிக்க என்ன? காலையில பழைய சோத்து நீராகாரம், அதுல உப்பும் ரெண்டு சின்ன வெங்காயமும். மத்தியானம் நீர்மோர். கோயில்ல திருவிழான்னா பானகம். தோப்புல எளநீர், பனையில நுங்கு. இதுக்கெல்லாம் யாரும் விலை போட்டதும் இல்ல, விளம்பரம் பண்ணதும் இல்ல.

காசு கொடுத்து வாங்குறதுன்னா கோலி சோடாவும் கலரும்தான். கோலி சோடா பாட்டில் நம்ம ஊர் சாமான்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஹிராம் காட்ங்கிற ஆங்கிலேயர் 1872-ல லண்டன்ல காப்புரிமை வாங்குன பாட்டில் அது. உள்ளே தண்ணியை நிரப்பி, வாயுவை ஏத்தி, தலைகீழாத் திருப்புனா கோலி கழுத்துக்கு வந்து உக்காந்துக்கும். உள்ளேயிருக்கிற வாயுவே அதை ரப்பர் வளையத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். மூடி வேண்டாம், தக்கை வேண்டாம். பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். அதனாலதான் ஒரு மிஷினும் ஒரு தள்ளுவண்டியும் வச்சிருந்தவங்க கூட சோடா கம்பெனி முதலாளி ஆக முடிஞ்சுது.

கலர்ங்கிறது வேற மரியாதை. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாங்கன்னா, "ஓடுடா, ரெண்டு கலர் வாங்கிட்டு வா"ன்னு அப்பாயி என்னைத்தான் விரட்டும். ஆரஞ்சு, சிவப்பு, பன்னீர் சோடான்னு இருக்கும். வந்தவங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க தூணுக்குப் பின்னாடி நிப்போம். விவரம் தெரிஞ்சவங்க அடியில ரெண்டு விரக்கடை விட்டுட்டு பாட்டிலை வைப்பாங்க. அது எங்களுக்கு. முழு பாட்டில் கலரை நான் தனியா குடிச்சது, எனக்கு மஞ்சள் காமாலை வந்து தேறின பிறகுதான்.

இதுல பெரிய பேரு காளிமார்க். பழனியப்ப நாடார் விருதுநகர்ல 1916-ல ஆரம்பிச்ச கம்பெனி. 1950களோட கடைசியில வந்த அவங்களோட பவண்டோவைக் கல்யாண வீட்டுல பாத்திருக்கேன். அதுக்கு எங்க ஊர்ல விளம்பரம்னா கடை வாசல்ல தொங்குன ஒரு தகரப் பலகைதான்.

1977-ல கோக்கோ கோலா இந்தியாவை விட்டுப் போச்சு. வெளிநாட்டுக் கம்பெனி இங்கே 40 சதவீதத்துக்கு மேல பங்கு வச்சுக்கக் கூடாதுங்கிற சட்டம், ஜனதா ஆட்சி, மந்திரி ஜார்ஜ் பெர்னாண்டஸ். அரசாங்கமே மாடர்ன் பேக்கரி மூலமா டபுள் செவன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. அந்த இடத்தைப் பிடிச்சது என்னமோ தம்ஸ் அப், கேம்பா கோலா மாதிரி உள்நாட்டுக் கம்பெனிகள்தான். எங்க ஊருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது. வராத விருந்தாளி போனா என்ன, இருந்தா என்ன.

எங்க ஊரை மாத்துனது டிவிதான்.

சென்னையில தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல வந்துருச்சு. ஆனா அந்தப் படம் இவ்வளவு தூரம் எட்டாது. எங்களுக்குக் கிட்டத்துல இருந்தது இலங்கை. 1982-ல ஆரம்பிச்ச ரூபவாகினிதான், எங்க பக்கத்துக் கடலோர ஊர்ல முதல்ல டிவி வாங்குனவங்களுக்குத் தெரிஞ்ச படம். மூங்கிலை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டி, உச்சியில ஆண்டெனாவை வச்சு தெக்கால திருப்புவாங்க. காத்து அடிச்சா ஒருத்தர் மாடியில ஏறித் திருப்பணும், கீழேருந்து இன்னொருத்தர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கத்தணும். சிங்களம் ஒரு வார்த்தை புரியாது. ஆனா பொம்மைப் படத்துக்கு பாஷை எதுக்கு? பூனை எலியைத் துரத்துனா எல்லாருக்கும் சிரிப்பு வரும்.

1987-ல கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் சென்னை நிகழ்ச்சி தெக்கத்திப் பக்கமெல்லாம் தெளிவாக் கிடைச்சுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் போட்டா டிவி இருக்கிற வீட்டுல திண்ணை, கூடம் எல்லாம் நிரம்பிரும். அப்ப எனக்குக் கல்யாண வயசு நெருங்கிருச்சு, ஆனாலும் பிள்ளைங்களோட பிள்ளையா கீழே உக்காந்து பாத்திருக்கேன். ஒண்ணு சொல்லட்டுமா? சின்னப் பிள்ளைங்க படத்துல வர்ற சோகக் காட்சியில தூங்கிரும். விளம்பரம் வந்ததும் எந்திரிச்சு உக்காரும். வேகமா ஓடும், பாட்டு இருக்கும், பளிச்சுன்னு இருக்கும். படத்துல வர்ற பிள்ளை அழும், விளம்பரத்துல வர்ற பிள்ளை சிரிக்கும். அதுங்களுக்கு எது பிடிக்கும்?

அந்த விளம்பரங்கள்ல ஊருக்குள்ள முதல்ல நுழைஞ்சது ரஸ்னா. அகமதாபாத் அரீஸ் கம்பாட்டாவோட கம்பெனி. 5 ரூபா பாக்கெட்டுல 32 டம்ளர். இந்தக் கணக்குதான் மந்திரம். சீனியும் தண்ணியும் நம்மளோடது, நிறமும் மணமும் மட்டும் அவங்களோடது. ஒரு கலர் வாங்குற காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா வந்திருக்கிற அத்தனை பிள்ளைக்கும் ஊத்தலாம். தூணுக்குப் பின்னாடி நிக்க வேண்டாம். அந்த வகையில அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்க தெருவுல பிறந்தநாள்னு ஒண்ணைக் கொண்டாட ஆரம்பிச்சதே ரஸ்னா வந்த பிறகுதான்.

இந்த யுக்தி புதுசு இல்ல. அமெரிக்காவுல நெப்ராஸ்கான்னு நம்ம மாதிரி விவசாய நாடு ஒண்ணு இருக்கு, அங்கே சோளம் நிறைய. அங்கே எட்வின் பெர்கின்ஸ்ங்கிறவர் பழச்சாறு எசன்ஸை பாட்டில்ல வித்துக்கிட்டு இருந்தார். வழியில பாட்டில் உடைஞ்சுது, அனுப்புற கூலியும் கட்டுப்படியாகல. 1927-ல அதைப் பொடியாக்கி உறையில போட்டார். அதுதான் கூல்-எய்ட். 1930கள்ல பஞ்சம் வந்தப்ப 10 சென்ட் விலையை 5 சென்ட் ஆக்குனார். பிறகு கம்பெனி கை மாறி, 1954-ல சிரிக்கிற முகம் போட்ட ஒரு ஜாடியை விளம்பரத்துல கொண்டு வந்தாங்க. அந்த ஜாடியே பின்னாடி கை கால் முளைச்சு, டிவியில சுவரை இடிச்சுக்கிட்டு உள்ளே வர்ற பொம்மை ஆயிருச்சு.

அதுக்கும் முன்னாடி ஓவல்டின். 1904-ல சுவிட்சர்லாந்து பெர்ன் நகரத்துல வாண்டர்ங்கிறவர் செஞ்சது. 1931-லேருந்து அமெரிக்க ரேடியோவுல அனாதைச் சிறுமி ஆனி கதையை ஓவல்டின் செலவுல ஒலிபரப்புனாங்க. ஆனி அதுக்கு முன்னாடியே பத்திரிகைல வந்த சித்திரக்கதைப் பொண்ணு. டப்பா மூடிக்கு அடியில இருக்கிற தாளை வெட்டி அனுப்புனா ரகசிய எழுத்தைப் படிக்கிற ஒரு வில்லை வரும். வில்லை வேணும்னா டப்பா காலி ஆகணும். டப்பா காலி ஆகணும்னா பிள்ளை குடிக்கணும். இனிமே அம்மா கெஞ்ச வேண்டியது இல்ல.

நம்ம ஊர்ல அதே வித்தையை கோல்ட் ஸ்பாட் செஞ்சுது. மூடிக்கு உள்பக்கம் ஜங்கிள் புக் படங்கள் இருக்கும், சேர்க்கணும். குடிக்க வசதியில்லாத பிள்ளைங்க பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் கீழே கிடந்த மூடியைப் பொறுக்கி, கல்லால தட்டி, பின்னால பாக்கும். என் தம்பி ஒரு டப்பா நிறைய வச்சிருந்தான். அந்தக் கலரை அவன் எத்தனை தடவை குடிச்சிருப்பான்னு கேட்டா ரெண்டு விரலை மடக்குனா போதும்.

1993-ல ஞாயித்துக்கிழமை காலையில தூர்தர்ஷன்ல ஜங்கிள் புக் தொடரே வந்துச்சு. ஜப்பான்காரங்க செஞ்ச படம், இந்தியில பேசும், நம்ம பிள்ளைங்க வாய் பிளந்து பாக்கும். அதே வருஷம்தான் கோக்கோ கோலா திரும்பி வந்து, தம்ஸ் அப்போட கோல்ட் ஸ்பாட்டையும் வாங்குச்சு. தம்ஸ் அப் பிழைச்சுக்கிச்சு, கோல்ட் ஸ்பாட்டை நிறுத்திட்டாங்க. செவன் அப் விளம்பரத்துல தலைமுடி குத்திக்கிட்டு நிக்கிற ஒல்லிப் பையன் பைடோ டைடோ வந்ததும் அந்தக் காலம்தான். கோலி சோடா வண்டிங்க ஒண்ணொண்ணா காணாம போனதும் அப்பதான்.

இதுவரைக்கும் சொன்னது தாகத்துக்குக் குடிக்கிறது. இனிமே சொல்றது வேற. வளர்றதுக்குக் குடிக்கிறது.

ஹார்லிக்ஸ் எங்க ஊருக்கு டிவிக்கு முன்னாடியே தெரியும். ஆஸ்பத்திரியில யாரையாவது பாக்கப் போனா ரொட்டியும் ஒரு ஹார்லிக்ஸும். காலி பாட்டில்ல சீரகம், ஊறுகாய், கீரை விதை. இங்கிலாந்துல பொறந்து அமெரிக்கா போன ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக்னு அண்ணன் தம்பி 1873-ல தொடங்குன கம்பெனி அது. இங்கே பஞ்சாப் நாபாவுல 1960 வாக்குல தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சுது. இந்த மால்ட், மால்ட்டுன்னு சொல்றாங்களே, அது என்னன்னு ஒரு நாள் ஒரு வேளாண் அலுவலர் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முளைகட்டுன தானியம்!

நாத்து விட நாம என்ன செய்யிறோம்? விதை நெல்லை ஊறப்போட்டு, சாக்குல கட்டி, வைக்கோலைப் போட்டு மூட்டம் வைக்கிறோம். மறுநாள் பிரிச்சா வெள்ளையா முளை எட்டிப் பாக்கும். அதுல ரெண்டை வாயில போட்டு மென்னு பாருங்க, லேசா இனிக்கும். முளை வளர்றதுக்காக விதைக்குள்ள இருக்கிற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்துது. வாற்கோதுமையில இதே வேலை நடந்து, முளை நீளுறதுக்கு முன்னாடி சூட்டுல காய வச்சு நிறுத்துனா அதுதான் மால்ட். எங்க அப்பாயி கேழ்வரகை முளைகட்டி, நிழல்ல உலத்தி, வறுத்து, எந்திரத்துல அரைச்சு வைக்குமே, அதுவும் அதேதான். பேருதான் தெரியாம இருந்துச்சு.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

2002, 2003 ரெண்டு வருஷமும் வழக்கம்போல ஜூன் 12-ல மேட்டூர் திறக்கல. டெல்டாக்காரங்களுக்கு அந்த வருஷங்களைச் சொன்னாலே போதும். குறுவை இல்ல, சம்பாவும் அரைகுறை. ரெண்டு கறவை மாடுதான் குடும்பத்தை ஓட்டுச்சு. காலையிலயும் சாயங்காலமும் கறந்த பாலை சொசைட்டிக்கு ஊத்திட்டு, வீட்டுக்குக் காப்பிக்கு மட்டும் ஒரு சொம்பு. என் பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு. அவளுக்கு டிவியில வர்ற ஒரு பவுடர் வேணும். பேரு வேண்டாம். அதைக் குடிச்சா பிள்ளைங்க உயரமா வளரும், வகுப்புல முதல் ஆளா வரும்னு விளம்பரம். தினம் கேட்டா. ஒரு நாள் அழுதா. நெல்லு விக்காத வருஷத்துல அந்த பாட்டில் விலை எனக்கு மலையாத் தெரிஞ்சுது. கடன் சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.

பாட்டிலைத் திறந்தா, பால்ல கலக்கணும்னு போட்டிருக்கு. பாலுக்கு எங்கே போறது? எங்க மாட்டுப் பால் காலையிலயே சொசைட்டி கேன்ல போயிருச்சு. பாலை வித்த காசுல பவுடர் வாங்கியாச்சு, பவுடரைக் கலக்க பால் இல்ல. இதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. சம்சாரம் பாதிப் பாலும் பாதித் தண்ணியுமா கலந்து கொடுத்துச்சு.

இருபது நாள்ல பாட்டில் காலி. அடுத்தது வாங்க முடியாது. அப்பதான் ஒரு காரியம் பண்ணேன். அப்பாயி மாதிரியே கேழ்வரகை முளைகட்டி, அரைச்சு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து அந்த பாட்டில்லயே போட்டு அலமாரியில வச்சுட்டேன். பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல. அவளும் ஒண்ணும் கேக்கல. தண்ணி வந்து அடுத்த சம்பா அறுக்குற வரைக்கும் அப்படியே ஓடுச்சு. நான் பெரிய கெட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் எவ்வளவோ நடந்துருச்சு. 2017-ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட, மார்ச் 1-லேருந்து கோக், பெப்சி விக்க மாட்டோம்னு தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவிச்சாங்க. எங்க ஊர் பெட்டிக்கடையில கூட பவண்டோ முன்னாடி வந்து நின்னுச்சு. கோலி சோடாவும் இப்ப புது லேபிள் ஒட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு. சுவீடன்ல 12 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களைக் குறி வச்சு டிவியில விளம்பரம் போடக் கூடாதுன்னு 1991-லயே சட்டம். கனடாவோட கியூபெக் மாகாணத்துல 1980-லேருந்தே தடை. நம்ம நாட்டுல 2022-ல வந்த விதிமுறைப்படி, பிள்ளைங்களுக்கான நிகழ்ச்சியிலயும் சேனல்லயும் குளிர்பானம், சிப்ஸ் விளம்பரம் போடக் கூடாது. 2024 ஏப்ரல்ல மத்திய வணிக அமைச்சகம், இணையத்துல விக்கிறவங்க போர்ன்விட்டா மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்'குங்கிற தலைப்புலேருந்து எடுக்கணும்னு சொல்லிச்சு. 2006 உணவுச் சட்டத்துல அப்படி ஒரு வகையே இல்லையாம். அதே மாசம் ஹார்லிக்ஸும் அந்தப் பேரை விட்டுருச்சு. அப்ப நான் கடன் சொல்லி வாங்குனது எந்த வகைன்னு யாரைக் கேக்குறது?

அன்னைக்கு பட்டுக்கோட்டையிலேருந்து வந்ததும் பொண்ணுகிட்ட பேரன் பாதி குடிச்சு வச்ச கதையைச் சொன்னேன். "டிவியைப் பாத்துக் கெட்டுப் போறான் ஆயி, நீ கொஞ்சம் கண்டிச்சு வை"ன்னேன். அவ சிரிச்சா.

"நீங்க மட்டும் என்னப்பா? பவுடர் பாட்டில்ல கேழ்வரகு மாவைப் போட்டு எனக்குக் கொடுக்கல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "உனக்குத் தெரியுமா? எப்பேருந்து?"

"முதல் நாளேருந்துப்பா. ஏலக்காய் வாசம் வராதா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லாம குடிச்ச?"

"அது நல்லாத்தானே இருந்துச்சு. அந்தப் பவுடரை விட எனக்கு அதுதான் பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்தா அலமாரியில பாட்டில் தெரியணும்ல, அதுக்குத்தான் கேட்டேன்."

நான் ஒண்ணும் பேசல. இத்தனை வருஷமா அந்த விளம்பரம் ருசியை வித்துச்சு, சத்தை வித்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு எட்டு வயசுப் பொண்ணுக்கு அது வித்தது வேற. அடுத்த வீட்டுப் பிள்ளைங்களோட சமமா நிக்கலாம்ங்கிறதை வித்திருக்கு. நாங்க தூணுக்குப் பின்னாடி நின்னு கலர் பாட்டிலைப் பாத்தோமே, அதே ஏக்கம்தான். எங்களுக்கு விருந்தாளி காட்டுனாங்க, அவளுக்கு டிவி காட்டுச்சு. நம்ம நீராகாரத்துலயும் கேழ்வரகுலயும் ஒரு குறையும் இல்ல. அதைக் குடிக்கிறவன் இளப்பம்னு பிள்ளை மனசுல எப்படியோ விழுந்துருச்சு. அதை விழாம பாத்துக்கத்தான் எனக்குத் தெரியல.

நேத்து கேழ்வரகு ரெண்டு படி ஊறப்போட்டேன். பேரன் பக்கத்துல உக்காந்து, எப்ப முளை வரும், எப்ப முளை வரும்னு துணியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறான். அரைச்சு முடிச்சதும் எந்த பாட்டில்ல போடப் போறன்னு கேட்டேன். சுட்டிப் பய, அந்தப் பழரச பாக்கெட்டுல இருந்த பொம்மையை வெட்டி எடுத்து வச்சிருக்கான். அதை ஒட்டணுமாம். ஒட்டிக்கோடான்னு சொல்லிட்டேன்.

மழை விட்ட மாதிரி இருக்கு. வாய்க்கால் மடையைப் பாத்துட்டு வர்றேன். அடுத்த வாரம் களையெடுப்பு பத்தி எழுதுறேன்.